தைராய்டு கட்டிக்குள் டெலோமரேஸ்: 'சாதுவான' புற்றுநோய் எப்போது மூர்க்கமாகிறது?

கழுத்தில் சின்னதாக ஒரு வீக்கம். எச்சில் விழுங்கும்போது அதுவும் கூடவே மேலே போய் கீழே வருது. கடலூர் மஞ்சக்குப்பத்தில் ஒரு ஸ்கேன் சென்டரில் பார்த்தால் 'தைராய்டு கட்டி' என்று எழுதிக் கொடுக்கிறார்கள். அடுத்து மெல்லிய ஊசியால் செல் எடுத்துப் பார்க்கும் எஃப்.என்.ஏ.சி. பரிசோதனை. நாலு நாள் கழித்து ரிப்போர்ட்டில் 'ஃபாலிகுலர் நியோபிளாசம், பெதஸ்டா 4' என்று இருக்கு.

"கேன்சரா டாக்டர்?"

"ஆபரேஷன் பண்ணி எடுத்துப் பார்த்தால்தான் சொல்ல முடியும்."

இந்தப் பதிலோடு வீடு திரும்பும் குடும்பத்தில் அன்றைக்கு யாருக்கும் தூக்கம் வராது. கத்தி வைக்காமலே இதைக் கண்டுபிடிக்க வழி இல்லையா என்று மருத்துவ உலகம் சுமார் 30 ஆண்டுகளாகத் தேடிக்கொண்டு இருக்கு. அந்தத் தேடலில் அதிகம் நம்பப்பட்ட பெயர்களில் ஒன்று 'டெலோமரேஸ்' என்ற நொதி. கடைசியில் அது பதில் சொன்னது உண்மைதான், ஆனால் நாம் கேட்ட கேள்விக்கு இல்லை. அது என்ன கதை என்று பார்க்கலாம்.

கட்டி என்றாலே கேன்சரா?

முதலில் பயத்தைக் கொஞ்சம் இறக்கி வைப்போம். அல்ட்ராசவுண்ட் வைத்துத் தேடினால், வயது வந்தவர்களில் பாதிப் பேர் வரைக்கும் தைராய்டில் ஏதாவது ஒரு கட்டி தென்படும். ஆண்களைவிடப் பெண்களுக்கு அதிகம். அவற்றில் புற்றுநோயாக இருப்பது நூற்றுக்கு 5 முதல் 10 வரைதான். அந்தப் புற்றுநோயிலும் பத்தில் எட்டுக்கு மேல் 'பாப்பிலரி' என்ற வகை. மெதுவாக வளரும். சரியான சிகிச்சை எடுத்தவர்களில் பெரும்பாலானோர் முழு ஆயுளையும் வாழ்ந்து முடிக்கிறார்கள்.

தென்கொரியாவில் நடந்ததைக் கேட்டால் இது இன்னும் புரியும். அங்கே எல்லாருக்கும் கழுத்து ஸ்கேன் எடுக்கும் பழக்கம் பரவியதில், 1993ல் இருந்ததைப் போல 2011ல் தைராய்டு புற்றுநோய் 15 மடங்கு பதிவானது. ஆனால் அந்த நோயால் இறப்பவர்களின் எண்ணிக்கை அப்படியேதான் இருந்தது. அதாவது, தேடாமல் விட்டிருந்தால் யாருக்கும் தொல்லை கொடுத்திருக்காத கட்டிகளை எல்லாம் தேடிப் பிடித்து வெட்டி எடுத்திருக்கிறார்கள்.

அப்படியானால் கவலையே வேண்டாமா? வேணும். இதே தைராய்டில் 'அனாபிளாஸ்டிக்' என்று ஒரு வகையும் இருக்கு. ரொம்ப அரிது, பெரும்பாலும் 60 வயதைத் தாண்டியவர்களுக்கு வருவது. கண்டுபிடித்த பிறகு பாதிப் பேர் ஆறு மாதம்கூடத் தாண்டுவதில்லை. மனித உடம்பில் வரும் புற்றுநோய்களிலேயே கொடியவற்றில் ஒன்று. ஒரே சுரப்பி, அதே வகைச் செல்கள், ஆனால் ஒன்று சாது, இன்னொன்று எமன். இந்த வித்தியாசம் எங்கிருந்து வருகிறது என்ற இடத்தில்தான் டெலோமரேஸ் உள்ளே வருகிறது.

சிதம்பரத்தில் பிறந்தவரும், குளத்து உயிரியும்

2009 அக்டோபரில் சிதம்பரம் பெயர் உலகச் செய்திகளில் அடிபட்டது நினைவிருக்கும். இங்கே 1952ல் பிறந்த வெங்கி ராமகிருஷ்ணனுக்கு, ரைபோசோம் ஆய்வுக்காக வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது. (அவர் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் படித்தவர் என்று அப்போது பரவிய தகவல் தவறு. மூன்று வயதிலேயே குடும்பத்தோடு பரோடா போய்விட்டார்.) அதே ஆண்டு, அதே ஸ்டாக்ஹோம் மேடையில் மருத்துவ நோபல் வாங்கியவர்கள் எலிசபெத் பிளாக்பர்ன், கரோல் கிரைடர், ஜாக் ஷோஸ்டாக். அவர்களுக்குப் பரிசு வாங்கித் தந்தது டெலோமியரும் டெலோமரேஸும். நம் ஊர்க்காரர் கொண்டாட்டத்தில் அந்தச் செய்தி இங்கே ஓரமாகப் போய்விட்டது.

டெலோமியர் என்றால் என்ன? குறிஞ்சிப்பாடி கைத்தறித் துண்டு ஒன்றை எடுத்துப் பாருங்கள். ஓரத்தில் நூலை முறுக்கி முடிச்சுப் போட்டு விட்டிருப்பார்கள். அந்த முடிச்சு இல்லாவிட்டால் இழை இழையாகப் பிரிந்து வந்துவிடும். நம் செல்லுக்குள் இருக்கும் குரோமோசோம்களின் நுனியிலும் அப்படி ஒரு முடிச்சு இருக்கு. டி-டி-ஏ-ஜி-ஜி-ஜி என்ற ஆறு எழுத்து ஆயிரக்கணக்கான முறை திரும்பத் திரும்ப வரும் அந்த நுனிப்பகுதிதான் டெலோமியர்.

ஒவ்வொரு முறை செல் இரண்டாகப் பிரியும்போதும் இந்த நுனியில் 50 முதல் 100 எழுத்துகள் குறைந்துபோகும். துண்டைத் துவைக்கத் துவைக்க ஓரம் தேய்வது மாதிரி. முடிச்சு வரைக்கும் தேய்ந்துவிட்டால் செல் பிரிவதை நிறுத்திவிடும். மனிதச் செல்கள் 40 முதல் 60 முறை பிரிந்ததும் நின்றுபோகின்றன என்று அமெரிக்காவின் லியோனார்டு ஹேஃப்லிக் 1961லேயே காட்டியிருந்தார். ஏன் என்பதுதான் அப்போது புரியவில்லை.

தேய்ந்த நுனியைத் திரும்பக் கட்டித் தரும் நொதியைக் கண்டுபிடித்தது 1984ல், கலிஃபோர்னியாவின் பெர்க்லியில். பிளாக்பர்னின் மாணவி கிரைடர் அந்த வருஷம் கிறிஸ்துமஸ் அன்றைக்கு ஆய்வகத்துக்குப் போய் முடிவைப் பார்த்தார். அவர்கள் ஆராய்ந்தது மனிதச் செல்லை அல்ல. 'டெட்ராஹைமினா' என்ற, குளத்துத் தண்ணீரில் வாழும் ஒற்றைச் செல் உயிரியை. அங்கே கண்ட நொதிக்குத்தான் பிறகு டெலோமரேஸ் என்று பெயர் வைத்தார்கள்.

நம் உடம்பில் பெரும்பாலான செல்களில் டெலோமரேஸ் அணைத்து வைக்கப்பட்டிருக்கிறது. கருவிலும், விந்தணுவை உண்டாக்கும் செல்களிலும், ஸ்டெம் செல்களிலும், தொற்றோடு சண்டை போடும் வெள்ளை அணுக்களிலும் மட்டும் வேலை செய்யும். இந்த வெள்ளை அணுவை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், கொஞ்ச நேரத்தில் வந்து குழப்பம் பண்ணும்.

புற்றுநோய் செல்லின் தேவை வேறு. அது நிற்காமல் பிரிய வேண்டும். நுனி தேய்ந்தால் ஆட்டம் முடிந்துவிடும். அதனால் அணைந்து கிடக்கும் டெலோமரேஸை எப்படியாவது எழுப்பிவிடுகிறது. மனிதப் புற்றுநோய்களில் 85 முதல் 90 சதவீதம் வரை இந்த நொதி வேலை செய்கிறது.

தைராய்டில் தேடியபோது என்ன ஆச்சு?

1994ல் கொஞ்சூண்டு திசுவில்கூட டெலோமரேஸ் இருக்கா என்று அளக்கும் 'டிராப்' என்ற சோதனை வந்தது. உடனே உலகம் முழுக்க ஒவ்வொரு கட்டியையும் எடுத்து அளக்க ஆரம்பித்தார்கள்.

தைராய்டு மருத்துவர்களுக்கு இதில் தனி ஆசை இருந்தது. காரணம், நாம் ஆரம்பத்தில் பார்த்த அந்த 'பெதஸ்டா 4'. ஃபாலிகுலர் கட்டியில் புற்றுநோயும், புற்றுநோய் அல்லாததும் மைக்ராஸ்கோப்பில் ஒரே மாதிரிதான் தெரியும். கட்டியைச் சுற்றியிருக்கும் உறையை உடைத்துக்கொண்டு செல்கள் வெளியே போயிருந்தால் புற்றுநோய், போகாவிட்டால் சாதாரணக் கட்டி. பண்ருட்டி பலாப்பழத்துக்குள் ஊசி விட்டுத் துளி சுளையை எடுத்தால், பழுத்ததா காயா என்று சொல்லிவிடலாம். தோலில் எங்கே ஓட்டை இருக்கு என்று எப்படிச் சொல்வது? அதற்கு முழுப் பழமும் கையில் வேணும். அதனால்தான் பாதித் தைராய்டை வெட்டி எடுத்துப் பார்க்க வேண்டியிருக்கு. பெதஸ்டா 4 என்று வருபவர்களில் சராசரியாக நூற்றுக்கு 30 பேருக்குத்தான் புற்றுநோய் என்று முடிவாகிறது. மீதி 70 பேர் கழுத்தில் தழும்போடு, "நல்லவேளை" என்று சொல்லிக்கொண்டு வீட்டுக்குப் போகிறார்கள்.

1997ல் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் குழு ஒன்று, ஃபாலிகுலர் வகையில் சாதாரணக் கட்டியையும் புற்றுநோயையும் டெலோமரேஸ் பிரித்துக் காட்டும் என்று அறிவித்தது. இந்திய வம்சாவளி ஆய்வாளர் சரஸ்வதி சுகுமாரும் அந்தக் குழுவில் இருந்தார். நம்பிக்கை பெரிதாக எழுந்தது. ஊசியில் எடுத்த செல்லிலேயே இந்த நொதியை அளந்துவிட்டால் போதுமே!

ஆனால் அடுத்தடுத்து வந்த ஆய்வுகள் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகவில்லை. ஒரு ஆய்வகத்தில் பாப்பிலரி புற்றுநோய் பெரும்பாலானவற்றில் நொதி இருந்தது, இன்னொன்றில் பாதியில்கூட இல்லை. சாதாரணக் கட்டிகள் சிலவும் 'இருக்கு' என்று காட்டின. பெரிய குழப்பம் பண்ணியது, முன்பே சொன்ன வெள்ளை அணுக்கள். 'ஹாஷிமோட்டோ' என்ற தைராய்டு அழற்சி நம் ஊர்ப் பெண்களிடம் சாதாரணமாகப் பார்க்கக்கூடிய ஒன்று. அதில் தைராய்டுக்குள் வெள்ளை அணுக்கள் கூட்டமாகப் புகுந்து உட்கார்ந்திருக்கும். அவற்றில் டெலோமரேஸ் இயல்பாகவே வேலை செய்யும். திசுவை அரைத்து அளக்கும் சோதனைக்கு, அந்த நொதி யாருடையது என்று தெரியாது. புற்றுநோயே இல்லாத பெண்ணுக்கும் 'பாசிட்டிவ்' வரும். இப்படி ஒரு ரிப்போர்ட்டை வைத்துக்கொண்டு யாருக்கு ஆபரேஷன் செய்வது? அந்தச் சோதனை ஆஸ்பத்திரி வாசலைத் தாண்டி உள்ளே வரவே இல்லை.

இன்னொரு அடிப்படைக் காரணமும் இருந்தது. தைராய்டு செல் பரபரப்பில்லாத செல். தோலைப் போல, குடலைப் போல தினமும் பிரிவது கிடையாது. வயது வந்த பிறகு ஆயுள் முழுக்க ஏறக்குறைய ஐந்து முறைதான் பிரிகிறது என்று ஒரு மதிப்பீடு இருக்கு. ஆக, அங்கே ஒரு கட்டி உருவானாலும் அதன் கையிருப்பில் நீளமான டெலோமியர் பாக்கி இருக்கும். மெதுவாக வளரும் பாப்பிலரி கட்டிக்கு டெலோமரேஸ் உடனடித் தேவையே இல்லை. கையில் காசு இருக்கும்போது யார் கடன் வாங்கப் போவார்கள்?

2013: ஒரே ஒரு எழுத்து

கதை திரும்பியது 2013ல். டெலோமரேஸின் முக்கியப் பகுதியைச் செய்யும் மரபணுவின் பெயர் 'டெர்ட்'. அந்த மரபணுவுக்கு முன்னால், அதை எப்போது இயக்குவது, எப்போது அணைப்பது என்று கட்டுப்படுத்தும் ஒரு பகுதி உண்டு. மின் விளக்குக்கு சுவிட்ச் மாதிரி. மெலனோமா என்ற தோல் புற்றுநோயை ஆராய்ந்த இரண்டு குழுக்கள், அந்த சுவிட்ச் பகுதியில் இரண்டு இடங்களில் 'சி' என்ற எழுத்து 'டி' என்று மாறியிருப்பதைப் பார்த்தன. சி228டி, சி250டி என்று அவற்றுக்குப் பெயர். அதே ஆண்டிலேயே தைராய்டு கட்டிகளிலும் அதே இரண்டு மாற்றங்கள் கிடைத்தன.

மரபணு கெட்டுப்போகவில்லை என்பதுதான் இதில் விசேஷம். அது செய்யும் புரதமும் மாறவில்லை. சுவிட்ச் மட்டும் மாறியது. அந்த ஒரு எழுத்து மாறியதால், முன்பு அங்கே வந்து உட்கார முடியாத சில புரதங்களுக்கு உட்கார இடம் கிடைத்துவிடுகிறது. அவை வந்து உட்கார்ந்ததும் டெலோமரேஸ் உற்பத்தி தொடங்கிவிடுகிறது.

நொதியை அளப்பதைவிட இது பல மடங்கு தெளிவான சோதனை. வெள்ளை அணுக்களில் நொதி இருக்கும், ஆனால் இந்த எழுத்துப் பிழை இருக்காது. ஹாஷிமோட்டோ குழப்பம் தீர்ந்தது.

சரி, எந்தக் கட்டியில் எவ்வளவு? சாதாரணக் கட்டிகளில் கிட்டத்தட்ட கிடையாது. பாப்பிலரியில் சுமார் 9 சதவீதம். நியூயார்க்கின் மெமோரியல் ஸ்லோன் கெட்டரிங் மையம் 2016ல் மூர்க்கமான 117 தைராய்டு கட்டிகளின் மரபணுக்களைப் படித்தபோது, செல்லின் அடையாளம் பாதி அழிந்துபோன 'பூர்லி டிஃபரன்ஷியேட்டட்' வகையில் 40 சதவீதம், அனாபிளாஸ்டிக்கில் 73 சதவீதம் இருந்தது. சாதுவில் இருந்து மூர்க்கத்துக்குப் போகப் போக எண்ணிக்கை ஏறிக்கொண்டே போகிறது. அதே ஆய்வில் இன்னொன்றும் தெரிந்தது. பாப்பிலரி கட்டியில் இந்த மாற்றம் இருந்தாலும் ஒரு பகுதிச் செல்களில் மட்டும்தான் இருக்கு. அனாபிளாஸ்டிக்கில் ஏறக்குறைய எல்லாச் செல்களிலும் இருக்கு. அதாவது முதலில் சில செல்கள் இந்த வித்தையைக் கற்றுக்கொள்கின்றன. பிறகு அவற்றின் வாரிசுகளே கட்டி முழுவதையும் பிடித்துக்கொள்கின்றன.

இப்போது தொடக்கத்தில் வந்த கேள்விக்குத் திரும்புவோம். "கேன்சரா, இல்லையா?" என்பதற்கு டெர்ட் சோதனை முழுப் பதில் தராது. மாற்றம் இருந்தால் அநேகமாகப் புற்றுநோய்தான். ஆனால் இல்லை என்று வந்தால் நிம்மதியாக இருந்துவிட முடியாது, ஏனென்றால் பாப்பிலரி பத்தில் ஒன்பதில் அது இருக்கவே இருக்காது. அது பதில் சொல்லும் கேள்வி வேறு: "இந்தக் கேன்சர் எவ்வளவு ஆபத்தானது?"

கூட்டுச் சேரும்போது

தைராய்டு புற்றுநோயில் அடிக்கடி பேசப்படும் இன்னொரு மரபணு 'பிராஃப்'. அதில் வரும் வி600ஈ என்ற மாற்றம் பாப்பிலரி புற்றுநோய்களில் பாதிக்கு மேல் இருக்கு. தனியாக இருந்தால் பல நேரங்களில் பெரிய ஆபத்து இல்லை. டெர்ட் மாற்றமும் கூடச் சேர்ந்தால் நிலைமை வேறு.

2014ல் வெளியான ஜான்ஸ் ஹாப்கின்ஸ் ஆய்வில் 507 பாப்பிலரி நோயாளிகளைப் பின்தொடர்ந்தார்கள். இரண்டு மாற்றமும் சேர்ந்து இருந்தவர்களில் மூன்றில் இரண்டு பேருக்கு மேல் நோய் திரும்ப வந்தது. இரண்டும் இல்லாதவர்களில் பத்தில் ஒருவருக்கும் குறைவாகத்தான் வந்தது. காரணமும் ஓரளவு தெரிந்துவிட்டது. பிராஃப் மாற்றம், டெர்ட் சுவிட்சில் வந்து உட்காரும் அந்தப் புரதத்தின் அளவைக் கூட்டிவிடுகிறது. ஒன்று நாற்காலி போட்டு வைக்கிறது, மற்றது ஆளை அனுப்புகிறது.

இதோடு தொடர்புடைய இன்னொரு சிக்கல், சிகிச்சையில். ஆபரேஷனுக்குப் பிறகு மிச்சமிருக்கும் தைராய்டு செல்களை அழிக்க கதிரியக்க அயோடின் கொடுப்பார்கள். தைராய்டு செல் அயோடினை இழுத்துக்கொள்ளும் என்ற குணத்தை வைத்துச் செய்யும் வைத்தியம் இது. டெர்ட் மாற்றம் உள்ள கட்டிகள் பல நேரம் அந்தக் குணத்தையே இழந்துவிடுகின்றன. மருந்து கொடுத்தாலும் செல் வாங்கிக்கொள்ளாது.

55 வயது ஏன் முக்கியம்?

புற்றுநோய்க்கு 'ஸ்டேஜ்' சொல்லும்போது கட்டியின் அளவு, பரவிய இடம் எல்லாம் பார்ப்பார்கள். பாப்பிலரி, ஃபாலிகுலர் வகைத் தைராய்டு புற்றுநோய்க்கு மட்டும் கூடுதலாக நோயாளியின் வயதையும் பார்க்கிறார்கள். 2018 முதல் அந்த எல்லை 55. (அதற்கு முன்பு 45.) அதற்குக் கீழே இருந்தால், நுரையீரலுக்குப் பரவியிருந்தாலும் இரண்டாம் ஸ்டேஜுக்கு மேல் போகாது. கேட்டால் விசித்திரமாக இருக்கும், ஆனால் இளம் வயதினர் அந்த நிலையிலும் பிழைக்கிறார்கள் என்பதுதான் அனுபவம்.

டெர்ட் மாற்றம் சிறுவர்களில் மிக அரிது, வயது ஏற ஏற அதிகம். வயதுக்கும் ஆபத்துக்கும் இடையே மருத்துவர்கள் ரொம்ப காலமாகப் பார்த்துவந்த அந்தத் தொடர்புக்கு இது ஒரு பகுதி விளக்கம். நடைமுறையில் இதன் அர்த்தம் இதுதான்: 28 வயது மகளின் கழுத்துக் கட்டிக்குப் பதறி ஓடும் குடும்பம், 65 வயது தாத்தாவின் கழுத்தில் இரண்டே மாதத்தில் பெரிதான கட்டியை "வயசானா அப்படித்தான்" என்று விட்டுவிடக் கூடாது. குரல் கரகரப்பு, விழுங்கச் சிரமம், கல் மாதிரி இறுகிய கட்டி, வேகமான வளர்ச்சி இருந்தால் அன்றைக்கே டாக்டரிடம் போக வேண்டியது அவர்தான்.

கடலூர், சிதம்பரத்தில் இருப்பவர்கள் என்ன செய்யலாம்?

தைராய்டு ஸ்கேன், எஃப்.என்.ஏ.சி., ஆபரேஷன் இதற்கெல்லாம் சென்னைக்கு ஓட வேண்டியதில்லை. சிதம்பரம் அண்ணாமலை நகரில் 1985ல் தொடங்கிய ராஜா முத்தையா மருத்துவக் கல்லூரி இப்போது கடலூர் மாவட்ட அரசு மருத்துவக் கல்லூரி. கடலூர்ப் பக்கம் இருப்பவர்கள் வழக்கமாகப் போகும் புதுச்சேரி ஜிப்மரில் புற்றுநோய்க்குத் தனிப் பிரிவும் இருக்கு.

டெர்ட் சோதனை ரத்தப் பரிசோதனை மாதிரி எல்லாருக்கும் எடுப்பது கிடையாது. எல்லாருக்கும் தேவையும் இல்லை. ஒரு சென்டிமீட்டருக்கும் சின்ன பாப்பிலரி கட்டிகளை ஆபரேஷன் செய்யாமல் கண்காணிப்பது மட்டும் போதும் என்று ஜப்பானின் கோபே நகரில் இருக்கும் குமா மருத்துவமனை 1993லேயே தொடங்கிக் காட்டியது. கண்காணிப்பின்போது வளர்ந்ததால் பிறகு அகற்றப்பட்ட நுண்கட்டிகளில் ஜப்பானிய ஆய்வாளர்கள் டெர்ட் மாற்றத்தைத் தேடியபோது ஒன்றில்கூட அது இல்லை. சின்னக் கட்டி கொஞ்சம் வளர்ந்தாலே மூர்க்கமாகிவிட்டது என்று அர்த்தம் இல்லை என்பதற்கு இது நல்ல ஆதாரம்.

வயது 55ஐத் தாண்டியவர், கட்டி உறையைத் தாண்டிப் பரவியவர், நோய் திரும்ப வந்தவர், கதிரியக்க அயோடின் பலிக்காதவர், இவர்களுக்கு இந்தச் சோதனையால் சிகிச்சை முடிவு மாறலாம். பாதித் தைராய்டை எடுத்தால் போதுமா, முழுசாக எடுக்க வேண்டுமா, எத்தனை மாதத்துக்கு ஒருமுறை வந்து காட்ட வேண்டும் என்பதெல்லாம் அதைப் பொறுத்தது. கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: "இந்த டெஸ்ட் எடுத்தால் என் வைத்தியத்தில் என்ன மாறும் டாக்டர்?" எதுவும் மாறாது என்றால் அந்தப் பணத்தைச் செலவு பண்ண வேண்டாம்.

டெலோமரேஸை அணைக்க மருந்து இருக்கா?

ஒன்று இருக்கு, தைராய்டுக்கு இல்லை. 'இமெடெல்ஸ்டாட்' என்ற மருந்துக்கு 2024 ஜூனில் அமெரிக்கா அனுமதி கொடுத்தது. அது எலும்பு மஜ்ஜை சம்பந்தப்பட்ட ஒரு வகை ரத்த நோய்க்கு. திடமான கட்டிகளில் சிரமம் என்னவென்றால், டெலோமரேஸை இன்றைக்கு நிறுத்தினாலும் செல் உடனே சாகாது. நுனி தேயும் வரை பல முறை பிரிந்துகொண்டே இருக்கும். ஆறு மாதம்தான் கையில் இருக்கும் அனாபிளாஸ்டிக் நோயாளியால் அதுவரை காத்திருக்க முடியாது. அவர்களில் பிராஃப் மாற்றம் இருப்பவர்களுக்கு டாப்ராஃபெனிப், டிராமெட்டினிப் என்ற இரண்டு மாத்திரைகளைச் சேர்த்துக் கொடுக்க 2018ல் அமெரிக்காவில் அனுமதி வந்தது. இப்போதைக்கு அனாபிளாஸ்டிக் நோயாளிக்குப் பலன் தந்திருப்பது அந்த வழி.

இதற்கு நேர் எதிராக, டெலோமரேஸைத் தூண்டி 'இளமையைத் திரும்பத் தரும்' என்று மாத்திரை விற்பவர்களும் இருக்கிறார்கள். ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம் விளம்பரங்களில் 'டெலோமியர் சப்ளிமென்ட்' என்று கண்ணில் பட்டிருக்கலாம். முதுமை பற்றி 2024ல் வெளிவந்த தன் ஆங்கிலப் புத்தகத்தில் வெங்கி ராமகிருஷ்ணன் டெலோமியர் பற்றியும் எழுதியிருக்கிறார், ஆயுளை நீட்டித் தருவதாகச் சொல்லும் வியாபாரங்களைச் சந்தேகத்தோடுதான் பார்க்கிறார். கழுத்தில் ஏற்கெனவே கட்டி இருப்பவர், அணைந்து கிடக்கும் அந்த சுவிட்சைக் காசு கொடுத்துப் போட முயல்வது எப்படிப்பட்ட காரியம் என்று இவ்வளவு தூரம் படித்தவர்களுக்குத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

கடைசியாக ஒரு நடைமுறை விஷயம். ஆபரேஷனில் எடுத்த கட்டியை மெழுகில் பதித்து 'பிளாக்' என்று ஆஸ்பத்திரி நோய்க்குறியியல் பிரிவில் வைத்திருப்பார்கள். டெர்ட், பிராஃப் சோதனைகளை அந்த பிளாக்கில் இருந்தே பிறகு செய்யலாம், திரும்ப ஊசி குத்த வேண்டியதில்லை. டிஸ்சார்ஜ் ஆகும்போது பயாப்ஸி ரிப்போர்ட்டின் நகலோடு அதில் இருக்கும் பிளாக் எண்ணையும் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். வேறு ஆஸ்பத்திரிக்குப் போக நேர்ந்தால், எழுதிக் கொடுத்து அந்த பிளாக்கையும் ஸ்லைடையும் கேட்டு வாங்கலாம்.